ஏழாம் வாய்ப்பாடு இல்லாத பள்ளிக்கூடம்

ஏணியின் அடியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. கறுப்புத் தோல் செருப்பு, குதிக்கால் பக்கம் தேய்ந்தது. அதன் சோடி ஜலீல் சேரின் வலது காலில் இருந்தது. ஜலீல் சேர் எங்களோடு மேலே இருந்தார்.

மேலே என்றால், எங்கள் வயல் வீட்டில் நெல் மூட்டை அடுக்குவதற்காகப் போட்ட பலகைத் தட்டில். நான், என் மூத்த மகள் பத்து வயது சஹ்லா, இளைய மகள் ஆறு வயது ரிஃப்கா, சஹ்லாவின் வகுப்பாசிரியர் ஜலீல் சேர். நாலு பேரும் கூரைத் தகரம் தலையில் இடிக்க, குந்திக்கொண்டு இருந்தோம். பழைய சாக்கின் தூசு மூக்கில் ஏறியது.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறாளாமே ஒருத்தி, அவள் என்னதான் படிப்பிக்கிறாள் என்று பார்த்துவரச் சொல்லி அனுப்பப்பட்டவர் அவர். வந்து அரை மணித்தியாலம் ஆகவில்லை. அதற்குள் கூரைக்குக் கீழே இருந்தார்.

ஒன்றை மட்டும் தெளிவாக எழுதி வைக்கிறேன். அவரை ஏணியில் ஏற்றியது நான் அல்ல. அவர் எனக்கு முந்தியே ஏறிவிட்டார்.

போன கிழமை இந்தப் பத்தியில், முகாமிலிருந்து வயல் வீட்டுக்குக் குடிபோன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் கணவரின் ராத்தா, அவருக்கு மூத்தவர், போன் எடுத்தார். "எங்கட ஊட்டுக்குள்ள எலி ஓடின எண்டெல்லாம் எழுதிட்டாய். ஒன்ட பள்ளிக்கூடத்தப் பத்தி ஏன் புள்ள எழுதல்ல?" என்றார். எலிக்கே நியாயம் கேட்டவர், விடமாட்டார். எழுதிவிடுகிறேன்.

உறுதி

எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். கல்முனைக்குப் பக்கத்தில், கரையோரமாக, வாப்பா எனக்கு ஒரு வீடு கட்டித் தந்தார். மேல்தட்டு வீடாக வரும் என்று நம்பி, பிளேட் என்கிற கொங்கிரீட் தளம் வரைக்கும் போட்டு நிறுத்திய வீடு. காணி உறுதிப் பத்திரம் என் பெயரில் இருந்தது. கடல் வந்த பிறகு உறுதி மட்டும்தான் இருந்தது.

நாங்கள் சுனாமி என்று சொல்வதில்லை. அது நிவாரணப் படிவத்தில் எழுதும் சொல். வீட்டுக்குள் கதைக்கும்போது "கடல் வந்த அண்டைக்கு" என்போம். வேண்டாத விருந்தாளி வந்துவிட்டுப் போனதைப் போல.

முகாமில் பத்து மாதம் இருந்தோம், அங்கிருந்தும் நான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அதன் பிறகு நான் கணவரிடம் ஒரே ஒரு விருப்பம் சொன்னேன். கடலுக்கு முதுகு காட்டி எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரம். நாவிதன்வெளிப் பக்கம் அவருடைய குடும்பத்துக்கு வயல் இருந்தது. வயலோடு காவலுக்குக் கட்டிய ஒரு வீடும் இருந்தது. பார்க்கப் போன அன்று நான் சமையலறையைப் பார்க்கவில்லை, கிணற்றைப் பார்க்கவில்லை. உயரமான தட்டும் அதற்கு ஓர் ஏணியும் இருப்பதைப் பார்த்தேன். "இது போதும்" என்றேன்.

"பொண்டாட்டி ஊட்டுக்கு வந்த மாப்பிளய அவன்ட ஊட்டுக்கே கூட்டிட்டுப் போறா" என்று அவருடைய கூட்டாளிகள் சிரித்தார்களாம். அவர் தினமும் காலையில் மோட்டார் சைக்கிளில் கல்முனைக் கடைக்குப் போய் மாலையில் திரும்புவார். வழியில் சோதனைச் சாவடியில் இறங்கி, அதை உருட்டிக்கொண்டு நடப்பார்.

ஏனென்றால், மேற்கே காட்டுப் பக்கத்திலிருந்து இடைக்கிடை வெடிச் சத்தம் கேட்கிற சண்டைக் காலம் அது. கடலுக்குப் பயந்து பிள்ளைகளை நான் கொண்டுபோய் வைத்த இடம் அப்படி. சத்தம் கேட்டால் ரிஃப்கா எழுதிய எழுத்தை நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பாள். "எழுது மகள், அது தூரம்" என்பேன். சின்ன வயதிலிருந்தே அந்தப் பயம் எங்களோடு ஒரு வீட்டில் இருந்து சோறு தின்றது. பழகிப்போயிருந்தது.

"வெடிக்குப் பயமில்ல. வாளியில தண்ணி தளும்பினா மட்டும் கலிமாச் சொல்லுவா" என்பார் கணவர். கலிமா, உயிர் போகிற நேரத்தில் நாங்கள் சொல்வது.

பாடத்திட்டம்

என் பள்ளிக்கூடம் எட்டு மணிக்குத் தொடங்கும். மணி, வெறும் பால்மா டின். அடிப்பது ரிஃப்கா. இரண்டு மாணவிகள், ஒரு டீச்சர், மூன்று கோழி. நான் உயர்தரம் வரை கணக்குப் படித்தவள். படித்த படிப்பெல்லாம் அலுமாரிக்குள் கிடந்ததே, இப்போதாவது வெளியே வருகிறது என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

சட்டங்கள் சில இருந்தன. அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், பிஸ்கட் ஒரு பக்கட், இவற்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இருவரும் புத்தகப் பையில் வைத்திருக்க வேண்டும். பாடம் நடக்கும்போது செருப்புக் கழற்றக் கூடாது. வாரத்துக்கு ஒரு முறை ஏணிப் பயிற்சி. நான் கை தட்டினால் கொப்பியைப் போட்டுவிட்டு ஏற வேண்டும். சஹ்லா ஏறுவாள், ஆனால் கொட்டாவி விட்டுக்கொண்டு.

புத்தகங்களிலும் கை வைத்தேன். கடல் வரும் பக்கங்களைப் பசை போட்டு ஒட்டினேன். ஒட்டத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, எங்கள் நாட்டுப் பாடப் புத்தகத்தில் கடல் வராத பக்கம் குறைவு. மீனுக்கு ஒரு பாடம், முத்துக்கு ஒரு பாடம், காற்றுக்கு ஒரு பாடம். சூழல் புத்தகம் கடைசியில் பலகை மாதிரி ஆகிவிட்டது.

மிகவும் சிரமப்பட்டது தீவு என்ற சொல்லோடுதான். நாலு பக்கமும் என்ன இருந்தால் அது தீவு என்று நான் எப்படிச் சொல்வேன்? யோசித்து யோசித்துக் கடைசியில், "தீவு எண்டா பெரிய ஊர்" என்று சொல்லிக் கொடுத்தேன். ரிஃப்கா அதை மூன்று தடவை எழுதினாள்.

வாய்ப்பாட்டில் ஆறு முடிந்தால் எட்டு. ஏழு இல்லை. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சஹ்லா ஏன் என்று கேட்டதே இல்லை. அவள் கேட்டது ஒன்றைத்தான். "உம்மா, நான் எப்ப இஸ்கூலுக்குப் போற?"

"மறுகா பாப்பம்."

மறுகா என்பது எங்கள் பக்கத்துச் சொல். பிறகு என்று புத்தகத்தில் எழுதுகிற இடத்தில் நாங்கள் அதைச் சொல்வோம். மழை விடட்டும், மறுகா. நோன்பு முடியட்டும், மறுகா. ஒரு தாய்க்கு இதைவிட வசதியான சொல் கிடையாது.

சேர் வந்தார்

அந்த மாரி மழை நேரத்துக்கு முந்தியே முடிந்துவிட்டது. விடியப்புறம் பனி, பகலில் சுள்ளென்ற வெயில். கதிர் பால் பிடிக்கிற பருவம், மழை இன்னும் ஓரிரண்டு வேண்டும், வரவில்லை. சுற்றுவட்டார விவசாயிகள் வாய்க்கால் கட்டில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குளத்தைத் திறப்பார்களா மாட்டார்களா என்பதே பேச்சு. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வயல் புதிது. நாங்கள் வந்ததிலிருந்து மழைத் தண்ணீரே போதுமாக இருந்ததால் வாய்க்கால் திறக்கும் நாளை நான் கண்டதும் இல்லை.

அப்படி ஒரு காலையில்தான் ஜலீல் சேர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். கையில் பழைய இடாப்பு. வரவு போடும் அந்த நீளப் புத்தகத்தைப் பார்த்ததும் சஹ்லா எழும்பி நின்றுவிட்டாள்.

நான் முக்காட்டைச் சரிசெய்து, அவர் உட்காரக் கதிரை போட்டேன்.

"நான் சுத்திக் கதைக்கல்ல தங்கச்சி" என்றார் அவர். "புது வருசத்து இடாப்புக்கு இதுல இருந்து பேர் இறக்கணும். நாளைக்குக் குடுக்கணும். சஹ்லா ஒரு வருசமா வரல்ல. பேர வெட்டச் சொல்றாங்க. வெட்டினா இந்த வருசம் புலமைப்பரிசில் சோதினையும் இல்ல. மறுகா சேர்க்கிறதும் லேசில்ல."

"நான் ஊட்ட வெச்சுப் படிப்பிக்கிறன் சேர். இஸ்கூல விட நல்லாப் படிப்பிக்கிறன்."

"அப்ப கேட்டுப் பாக்கட்டா?"

"கேளுங்க."

அவர் முதலில் ரிஃப்காவைப் பார்த்தார். "புள்ள, நம்மட நாடு ஒரு தீவு. தீவு எண்டா என்ன?"

ரிஃப்கா கையைக் கட்டிக்கொண்டு உரத்த குரலில் சொன்னாள். "தீவு எண்டா பெரிய ஊர்!"

ஜலீல் சேர் என்னைப் பார்த்தார். நான் கோழியைப் பார்த்தேன்.

"சரி. சஹ்லா, நீ சொல்லு. ஏழெட்டு?"

சஹ்லாவின் வாய் திறந்து மூடியது. அவளும் என்னைத்தான் பார்த்தாள். தெரியாத பிள்ளையின் முகம் இல்லை அது. சொல்லவா, வேண்டாமா என்று கேட்கிற முகம்.

ஏழெட்டு

கடல் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடுமுறைக் காலம். என் தங்கச்சியின் மகள் பாத்திமா, பின் வளவிலிருந்து எங்கள் வீட்டுக்கு விளையாட வந்திருந்தாள். அவளும் சஹ்லாவும் ஒரே வகுப்பு, உட்காருவதும் ஒரே வாங்கில், இடாப்பிலும் அடுத்தடுத்த பெயர். லீவு முடிந்ததும் ஜலீல் சேர் வாய்ப்பாடு கேட்பார் என்று இருவரையும் நான்தான் இருத்தினேன். என் முதலாவது பள்ளிக்கூடம் அதுதான்.

சஹ்லா ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பித்துவிட்டு பிளேட்டுக்கு மேலே விளையாட ஓடினாள். பாத்திமா ஏழெட்டில் நின்றாள். அவளுக்கு ஒரு பழக்கம். மறந்துபோனால், கதை கேட்கிற பிள்ளை மாதிரி, "மறுகா?" என்று நம்மையே கேட்பாள்.

"ஏழெட்டு... மறுகா?"

"மறுகா நீதான் சொல்லணும்."

"நானும் மேல போகட்டா பெரியம்மா?"

"முடிச்சிட்டுப் போ."

முடித்தவள் மேலே இருந்தாள். முடிக்காதவள் கீழே இருந்தாள். ரிஃப்கா என் இடுப்பில் இருந்தாள். எங்கள் இருவரையும் ஒரு மரம் பிடித்துக்கொண்டது. இதற்கு மேல் அன்றைய நாளைப் பற்றி எழுத என்னால் இப்போதும் ஏலாது.

அவளை ஏன் மேலே விடவில்லை என்று என் தங்கச்சி இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். எனக்குப் பதில் தெரிந்த ஒரே கேள்வி அது.

தண்ணி வருது

ஆக, ஜலீல் சேர் ஏழெட்டு என்று கேட்டார், சஹ்லா என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் வெளியே ஒரு கூக்குரல்.

"தண்ணி வருது! தண்ணி வருது! ஓடி வாங்கடா!"

நாலு பக்கமும் ஆண்கள் ஓடும் சத்தம். யாரோ தகரத்தில் தட்டினார்கள். மறுபடியும், "தண்ணி வருது!"

நான் கை தட்டவில்லை. தட்ட நேரமில்லை. ரிஃப்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏணிக்குப் பாய்ந்தேன். அங்கே ஏற்கெனவே ஒரு சோடிக் கால் மேலே போய்க்கொண்டிருந்தது. ஒன்றில் செருப்பு இருந்தது. கக்கத்தில் இடாப்பு. மேலே போனதும் அவர் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் கீழே நீட்டி, "புள்ளைகளத் தாங்க! புள்ளைகளத் தாங்க!" என்று கத்தினார். அவர் எங்கள் ஊர்க் கரையோரத்துக்காரர். கடல் வந்த அன்றைக்கு அவர் யாரைப் பிடிக்கக் கை நீட்டினார் என்று நான் கேட்டதில்லை.

கடைசியாக ஏறியவள் சஹ்லா. வாரா வாரம் ஏணிப் பயிற்சி எடுத்த பிள்ளை, ஒவ்வொரு படியாக, ஆறுதலாக ஏறிவந்தாள்.

"உம்மா, அது வாய்க்கால்" என்றாள்.

கூரைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு இடைவெளி இருந்தது. நானும் சேரும் அதில் முகத்தை வைத்துப் பார்த்தோம். வாய்க்காலில் செம்மண் நிறத்தில், கணுக்கால் மறையும் அளவுக்கு, சருகையும் வைக்கோலையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் பெரிய ஆம்பிளைகள் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளைப் போல ஓடிவந்தார்கள். அவரவர் வரம்பில் மண்ணை வெட்டி வழி விட்டார்கள். குளத்தைத் திறந்துவிட்டார்கள். கதிர் பிழைத்தது. அதற்குத்தான் அந்தக் கூக்குரல்.

நீர் பங்கிடும் பொறுப்பில் இருந்த வட்டவிதானை, மண்வெட்டியோடு எங்கள் வாசலைத் தாண்டினார். பக்கத்துத் தமிழ்க் கிராமத்துக்காரர், என்னை எப்போதும் தங்கச்சி என்றே கூப்பிடுவார். திறந்த கதவால் ஏணியையும் செருப்பையும் பார்த்துவிட்டு, பிறகு எங்கள் நாலு தலையையும் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, தண்ணி பாக்க நாங்க வாய்க்காலடிக்குப் போறம். நீங்க கூரை மோட்டுல ஏறிப் பாக்கிறிங்க. அங்கயிருந்து நல்லாத் தெரியுதோ?"

"ஓம் அண்ணன், நல்லாத் தெரியிது" என்றேன்.

"வாத்தியாருக்கும் தெரியுதோ?"

"தெரியிது, தெரியிது" என்றார் ஜலீல் சேர்.

வட்டவிதானை தலையை ஆட்டிக்கொண்டு போனார். ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டது. இனி இறங்க வேண்டியதுதான். ஆனால் நான் இறங்கவில்லை. சேரும் அசையவில்லை. இரண்டு படித்த மனிதர்கள், கணுக்கால் தண்ணீருக்குப் பயந்து.

ரிஃப்கா அழத் தொடங்கினாள். "உம்மா, கை நோகுது." அவளுடைய மணிக்கட்டை நான் இன்னும் விடவில்லை.

இடாப்பு

"சேர்" என்றாள் சஹ்லா. "எங்கட இஸ்கூல் இப்ப எங்க இரிக்கி?"

"கொட்டில் போட்டிரிக்கி புள்ள. கடலுக்கு நல்ல தூரத்தில."

நான் முந்திக்கொண்டேன். "தூரமெல்லாம் எனக்குத் தெரியும் சேர். இஸ்கூல்ல ஏணி இல்ல. மேல்தட்டு இல்ல. அவ்வளவு புள்ளைகள ஒருத்தராலயும் பாக்க ஏலாது. ஊட்ட எண்டா என்ட கண்ணுக்குள்ள இரிப்பாங்க."

சஹ்லா என் பக்கம் திரும்பினாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு பிழையைக் காட்டுவதைப் போலத்தான் சொன்னாள்.

"பாத்திமா இஸ்கூல்லயா உம்மா மௌத்தான? எங்கட ஊட்டதானே."

தகரத்தில் வெயில் ஏறி, தட்டு கொதித்தது. வெளியே யாரோ மடையைத் திறக்கச் சொல்லிக் கத்தினார்கள். ஜலீல் சேர் மடியிலிருந்த இடாப்பின் மூலையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

நான் ரிஃப்காவின் கையை விட்டேன். என் விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது. சஹ்லா தங்கச்சியை இழுத்து மடியில் இருத்தி, மணிக்கட்டைத் தடவினாள். அழுகையை நிற்பாட்ட ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா. தாலாட்டு மாதிரி, மெதுவாக, அவள் சொல்லத் தொடங்கியது இது.

"ஏழொண்டு ஏழு. ஏழிரண்டு பதினாலு. ஏழ்மூண்டு இருபத்தொண்டு..."

நான் படிப்பிக்காத வாய்ப்பாடு. இத்தனை நாளும் எனக்குத் தெரியாமல், என் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்திருக்கிறாள்.

"ஏழாறு நாப்பத்திரண்டு. ஏழேழு நாப்பத்தொன்பது. ஏழெட்டு..."

நின்றாள். மறந்து அல்ல. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"மறுகா?"

பாத்திமாவின் குரல் அப்படியே வந்தது. ரிஃப்கா அழுகையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தாள்.

"ஐம்பத்தாறு" என்றேன்.

அன்று காலையில் அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டிய ஒரு சொல். சொல்லியிருந்தால் அவள் மேலே போயிருப்பாள்.

ஜலீல் சேர் இடாப்பை நெல் மூட்டையில் வைத்து விரித்தார். "இதுல இன்னும் வெட்டாத பேர் இரிக்கி தங்கச்சி" என்றார். "வெட்டத்தான் வேணும். வருசம் முழுக்க என்ட கை வரல்ல. உயிரோட இரிக்கிற புள்ளட பேரையும் சேத்து வெட்ட வெச்சிராதீங்க."

சஹ்லாவின் பெயருக்கு அடுத்த வரியில் பாத்திமாவின் பெயர் இருந்தது. அதே நீல மை.

மறுகா பாப்பம் என்று என் வாய் பழக்கத்தில் திறந்தது. மூடிக்கொண்டேன்.

"பேர இறக்குங்க சேர்" என்றேன். "நாளைக்கு வருவா. நானும் வருவன். இஸ்கூல் படலைக்கு வெளிய இரிக்கிறன். ஒருத்தருக்கும் கரைச்சல் தர மாட்டன்."

"எத்தின நாளைக்கி இரிப்பிங்க?"

"தெரியா."

"இரிங்க. நிழல்ல கதிர போடச் சொல்றன்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

பேனையை எடுத்து, சஹ்லாவின் பெயருக்கு நேரே சின்னதாக ஒரு சரி போட்டார். ரிஃப்கா எட்டிப் பார்த்து, "என்ட பேர்?" என்றாள்.

"ஒனக்கு வேற இடாப்பு புள்ள. முதலாம் ஆண்டு. ஆனா தீவு எண்டா என்ன எண்டு முதல்ல பாடமாக்கணும்."

"பெரிய ஊர்" என்றாள் அவள் அழுத்தமாக. அதைத் திருத்த இன்னும் ஒரு பள்ளித் தவணை எடுத்தது.

பிள்ளைகள் இறங்கினார்கள். கீழே போன ரிஃப்கா, நேரம் தப்பிவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, பால்மா டின்னை எடுத்து அடித்தாள். நான் ஏணியின் மேல்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏறும்போது எனக்கு முந்திக்கொண்ட ஜலீல் சேர், இறங்கும்போது சுவரோடு ஒட்டி வழி விட்டார்.

"நீங்க முதல்ல இறங்குங்க டீச்சர்" என்றார்.

என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. என் பள்ளிக்கூடம் மூடிய நாளும் அதுதான்.